திரையில் வந்த பெயர்

மடு மாதாவின் சொரூபத்தை மொனிட்டரின் தலையில் கொண்டுவந்து வைத்தவள் பேர்ணடெட். என் கணவர் றெஜினோல்டின் தம்பி கிளைவ், அவனுடைய மனைவி. மாதாவுக்குக் கீழே விரித்த நீலத்துணி, மொனிட்டரின் சூடு வெளியேறுகிற ஓட்டைகளை மூடிக்கொண்டு தொங்கியது. எடுக்கச் சொல்ல வாய் வரை வந்தது. புருஷனைக் கடலில் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இவளுக்கு மொனிட்டர் பெரிதாய்ப் போய்விட்டது என்று நினைப்பார்கள். பேசாமல் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம். றெஜினோல்ட் ஏறிப்போன பாய்மரப் படகிலிருந்து கடைசியாகக் குரல் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் அவருடைய பெயர் மட்டும் எங்கள் பிளாக்ஹவுஸ் பே வீட்டுத் திரையில் மணிக்கு ஒருதரம் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் வீடு நிறைய ஆட்கள். நகரத்தின் ஓரத்து ரானுயியிலிருந்தெல்லாம் எங்கள் தமிழ் ஆட்கள் வந்தார்கள். வேலை முடிந்த கையோடு வந்து, றேடியோ அறையில் இடம் போதாமல் நடைவழியிலும் முழங்காலில் நின்று செபமாலை சொன்னார்கள். மணி நெருங்க நெருங்கச் செபம் தானே மெதுவாகும். திரையில் பெயர் எழும்பும். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தேன்.

பெயர் என்றால் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. அமெச்சூர் றேடியோக்காரர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுக்கிற, எழுத்தும் இலக்கமும் கலந்த அழைப்புக்குறி. எங்கள் ஆட்களுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பெயர் வந்தது என்றார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

றெஜினோல்ட் மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவர். நாங்கள் குடியேறிய இந்த ஊர்த் துறையில் நிற்கிற படகுகளுக்கு றேடியோ பூட்டுவதும் திருத்துவதும் அவர் வேலை. நான் ஆல்பனியில் ஒரு கொம்பனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். அவருடைய றேடியோ விசரும் என்னுடைய தொழிலும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் திரையில் பெயர் எழுதுகிற இந்தப் புரோகிராம். வேறு பிள்ளை எங்களுக்கு இல்லை. பிள்ளைக்கென்று மஞ்சள் வர்ணம் பூசிய அறையில்தான் றேடியோவும் கொம்பியூட்டரும் இருந்தன.

அவருக்குப் பெரிய கருவி, பெரிய பலம் எதுவும் பிடிக்காது. சின்ன பற்றரியில் ஓடுகிற ஒரு பெட்டி மெல்லியதாய் விசில் அடிக்கவேண்டும். கடலுக்கு அப்பால் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கிற அந்த விசிலை நான் தோண்டி எடுத்துத் தரவேண்டும். காதுக்கு அது கேட்கவே கேட்காது. ஆனால் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், கொம்பியூட்டர் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிக்கொண்டு போகும். இரைச்சல் ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி, அதனால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். செய்தி ஒரே மாதிரி, அதனால் மெல்ல மெல்ல மேலே வரும்.

"செபமாலை மாதிரித்தான்," என்று அவர் ஒருநாள் பேர்ணடெட்டுக்கு விளங்கப்படுத்தினார். "ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொன்னா மேல கேக்கும்."

அன்று தொடக்கம் அவளுக்கு என் புரோகிராமில் சரியான விசுவாசம்.

எழுத்தெழுத்தாகப் பிடிக்க நேரம் போகிறது என்று அவர் இன்னொரு யோசனை கொண்டுவந்தார். அந்த அலைவரிசையில் அனுப்பப்போவது தான் ஒருத்தன்தானே. என்ன எழுத்து என்று ஏன் தேடவேண்டும், தன்னுடைய பெயர் மாதிரி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்டார். நல்ல யோசனைதான். எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு மணிக்கும், அதுவரை கூட்டிய சத்தத்தை அவருடைய பெயரோடு ஒப்பிட்டுப் புரோகிராம் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும். அறுபதைத் தாண்டினால் திரையில் பெயரை எழுதும். தாண்டாவிட்டால் வெறுமையாக விட்டுவிடும். பக்கத்துப் பீஹா கடற்கரையில் நின்று அனுப்பிப் பார்த்தார். சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. அறுபதைக் குறைக்கச் சொல்லி நச்சரித்தார். குறைத்தால் மழை பெய்கிற சத்தத்திலும் உங்கள் பெயர்தான் தெரியும் என்றேன். தெரிந்தால் என்ன, நல்ல பெயர்தானே என்று சிரித்தார். நான் குறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் தன் படகை வடக்கே டொங்காத் தீவுக்குக் கொண்டுபோக இவரைத் துணைக்குக் கூப்பிட்டார். பெட்டியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று இவர் உடனே ஓம் சொல்லிவிட்டார். எனக்கு மனமில்லை. இவர் கடலில் இருக்கிற நாட்களில் நான் நித்திரை கொள்ளமாட்டேன். அது அவருக்கும் தெரியும். கடலில் போகிறவர்கள் அழைப்புக்குறியின் பின்னால் இரண்டு எழுத்துச் சேர்க்கவேண்டும் என்பது விதி. நான் வேலையில் நின்றதால், புரோகிராமைத் திறந்து அதை எங்கே மாற்றுவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அடுத்த நாள் விடிய வாசலில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று சொன்னார்:

"பேர் வரும். நீர் பயப்படாமல் நித்திரை கொள்ளும்."

பெயர் வந்தது. தவறாமல் வந்தது. பீஹாவிலிருந்தே ஒழுங்காக வராதது நடுக்கடலிலிருந்து இவ்வளவு அழகாக வருகிறதே என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கவேண்டும். கடலின் மேல் அலை நன்றாகப் போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். என் கெட்டித்தனம் என்றும் நினைத்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், நித்திரை கொண்டேன்.

புதன்கிழமை மாலை படகின் பெரிய றேடியோவில் கடைசியாகக் குரல் வந்தது. காற்றுப் பிடிக்கிறது, பாயை இறக்குகிறோம் என்று படகுக்காரர் தங்கள் இடத்தைச் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு ஒன்றுமில்லை. ஆபத்தென்றால் கத்துகிற பெட்டி ஒன்று படகில் இருந்தது, அது கத்தவில்லை. தேடுகிறவர்கள் புதன்கிழமை சொன்ன இடத்துக்குத்தான் முதலில் விமானத்தை அனுப்பினார்கள். முகில் இறங்கிக் கிடந்ததால் அன்று ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் கிளைவ் அவர்களுக்குத் திரையைப் பற்றிச் சொன்னான். மணிக்கு மணி பெயர் வருகிறதென்றால் படகு மிதக்கிறது. பாய்மரம் முறிந்து பெரிய றேடியோ செத்திருக்கும். படகு காற்றோடு கிழக்கே போகும். அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் விமானம் இன்னும் கொஞ்சம் கிழக்கே போனது. யார் கேட்டாலும் அது நியாயமான கணக்குத்தான்.

மாதாவை வைத்த அடுத்த நாள் காலை, அறையைக் கூட்டப் போனேன். நடைவழியில் நிற்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று பேர்ணடெட் மேசையை முன்னால் இழுத்திருந்தாள். மேசைக்குப் பின்னால் தும்புத்தடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். எலுமிச்சை மரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த அன்ரெனாக் கம்பியிலிருந்து ஜன்னல் வழியாக வருகிற வயர், றேடியோவின் முதுகில் இருக்கவேண்டியது, கம்பளத்தில் கிடந்தது. மேசையை இழுத்தபோதே கழன்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் முதல் நாள் மாலை செபமாலை சொன்னோம். அதற்குப் பிறகுதான் பெயர் வந்தது. சிலுவை போட்டோம்.

வயரைத் திரும்பச் சொருகவில்லை. தும்புத்தடியை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து ஒன்றும் வராமல், றேடியோவுக்குள்ளே அதன் சொந்த இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மணியானது. பெயர் வந்தது.

புரோகிராமைத் திறந்தேன். நான் அறுபது என்று எழுதியிருந்த இடத்தில் ஐந்து என்று இருந்தது. அந்தக் கொம்பியூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு எழுத்துச் சேர்க்கத் திறந்தவர் இதையும் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஏன் செய்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. வாசலில் நின்று அவரே சொல்லிவிட்டார். திரை வெறுமையாக இருந்தால் நான் விடிய விடிய விழித்திருப்பேன் என்று தெரியும். அதனால் வெறுமையாக விடாதபடி செய்தார். டொங்கா போய்ச் சேர்ந்து போன் எடுத்து, உம்மை ஏமாத்திப்போட்டன் என்று சிரிக்க நினைத்திருப்பார். போய்ச் சேராவிட்டால் என்ன என்று மட்டும் நினைக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான். அவர் எதிரில் நின்றிருந்தால் தும்புத்தடியாலேயே விளாசியிருப்பேன். மணிக்கு மணி வந்த பெயர்களில் எது அவர் அனுப்பியது, எது இரைச்சல்? புரோகிராம் பெயரை மட்டும்தான் எழுதிவைத்தது. புள்ளியை எழுதவில்லை, சத்தத்தைச் சேமிக்க டிஸ்கில் இடமில்லை. ஒன்றையும் திருப்பிப் பார்க்க வழியில்லை. பிறகு கோபமும் போய்விட்டது. அறையைக் கூட்டி முடித்தேன்.

மதியம் கிளைவ் வந்தான். தேடுகிற அலுவலகத்திலிருந்துதான் வருகிறானாம். நிறுத்தப் பார்த்தார்களாம், பெயர் இன்னும் வருகிறது என்று இவன் மன்றாடியதில் நாளைக்கும் விமானம் போகிறதாம். நாட்கணக்காகச் சவரம் செய்யாத முகம். வயர் கிடந்த இடத்தைக் காட்டினேன். ஐந்தைக் காட்டினேன். அவன் நிலத்தில் குந்திவிட்டான்.

"அப்ப அண்ணை இல்லையெண்டு சொல்லுறீங்களோ, மச்சாள்?"

"இல்லையெண்டு சொல்லேல்லை. வந்தது அவர் இல்லையெண்டு சொல்லுறன்."

"பேர் வருகுதெண்டபடியாத்தான் அவங்கள் தேடுறாங்கள். நாளைக்கு ஒரு நாள் போகட்டும். அதுக்குப் பிறகு சொல்லுவம்."

"பிழையான தண்ணியில தேடுறாங்கள், கிளைவ்."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். போன் எடுக்கவேண்டாம் என்று ஒருதரம் சொன்னான். நான் போனை எடுத்தபோது தடுக்கவில்லை.

மறுமுனையில் பேசிய அதிகாரி மரியாதையான மனிதன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். அப்படியானால் புதன்கிழமைக்குப் பிறகு வந்தது எதையும் கணக்கில் எடுக்கவேண்டாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கடதாசி திருப்புகிற சத்தம் கேட்டது. படகு மிதக்கிறது என்று வைத்துத்தான் இவ்வளவு தூரம் கிழக்கே போனோம் என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கே, படகுக்காரர் புதன்கிழமை சொன்ன இடத்துக்குத் திரும்பப் போவோம், இனிப் படகைத் தேடமாட்டோம், படகு தாழ்ந்தால் ஆட்கள் ஏறுகிற ரப்பர் மிதப்பைத் தேடுவோம் என்றான். நன்றி சொன்னேன். இத்தனை நாளுக்குப் பிறகு மிதப்பில் ஆள் உயிரோடு இருப்பானா என்று நான் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுப் போய் ஐந்தை அழித்து அறுபது என்று அடித்தேன். வயரைச் சொருகி, கழலாதபடி டேப் சுற்றினேன். மாதாவை அலுமாரியின் மேல் வைத்து நீலத்துணியை மடித்தேன்.

மாலையில் வழக்கம்போல எல்லோரும் வந்தார்கள். மாதா இடம் மாறியிருப்பதைப் பேர்ணடெட் பார்த்தாள், பார்த்துவிட்டு முழங்காலில் நின்றாள். கிளைவ் கதவோரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மணி நெருங்கியதும் செபம் மெதுவாகியது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மணி வந்தது, போனது. திரை வெறுமையாக இருந்தது. அருள் நிறைந்த மரியேயின் நடுவில் ஒருத்தர் நிறுத்த, மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

பேர்ணடெட் முழங்காலில் நின்றபடியே என் பக்கம் திரும்பினாள். "அக்கா, பேர் இன்னும் வரேல்லையே?"

"இனி வந்தா," என்றேன், "அது அவர்தான்."