சுடாத நெற்றி

கமலவேணிக்குக் காய்ச்சல் கண்டபோது வீடே அமர்க்களப்பட்டது. மலாக்கா பக்கம் தஞ்சோங் கிளிங் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் படுக்கைவிரிப்புகளை வெளுத்து மடிக்கும் வேலை அவளுக்கு. அங்கே யாரோ இருமியதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது, பற்கள் தந்தியடித்தன. பக்கத்திலிருந்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தது ராமாத்தாள், செத்துப்போன கணவன் நல்லமுத்துவின் அக்கா. அவன் போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"இந்த வயசுல பச்சப்புள்ள மாதிரி முனகுற. நான் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன காலத்துல காய்ச்சலோட வேலைக்குப் போயிருக்கேன்" என்றாள் ராமாத்தாள். அவளுக்கு எழுபத்தெட்டு. கமலவேணி இருபது வயது இளையவள்.

வந்த வேகத்தில் காய்ச்சல் இறங்கியது. அந்த வாரமே கமலவேணி மறுபடி வேலைக்குப் போனாள். முதல் நாள் திரும்பி வந்து அவசரமாக ஒரு மீன்குழம்பு வைத்தாள். புளி தூக்கலாகிவிட்டது. அவளுக்கே வாயில் வைக்க முடியவில்லை. வசவுக்குத் தயாராக ராமாத்தாளின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள் ராமாத்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

இத்தனை வருஷத்தில் அண்ணி வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. கோயில் பிரசாதத்துக்கே குறை சொல்கிறவள். கமலவேணி அண்ணியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டரை வைத்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

காலையில் ராமாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள், ஆனால் காப்பியைத் தொடவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் அவசரமாக வாங்கியது. பக்கத்து வீட்டு யுவனேஸ்வரன் வந்து எட்டிப் பார்த்தான்.

"காய்ச்சல் இல்லதானே லா, அக்கா? வயசாயிருச்சு, அசதியா இருக்கும். ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கமலவேணி வேலைக்குக் கிளம்பப் பையை எடுத்தாள். அப்போது ராமாத்தாள் வாசலைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி நல்லமுத்து இன்னும் வரலியா? ஷிப்டு முடிஞ்சிருக்குமே."

பை கீழே விழுந்தது.

"தம்பி, காரை எடுப்பா" என்றாள் கமலவேணி யுவனேஸ்வரனிடம். "காய்ச்சல் இருக்கோ இல்லையோ, இது எங்க அண்ணி இல்ல."

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுத்தார்கள். நுரையீரலில் கிருமி பரவியிருந்தது. டாக்டர் நளினி சின்னப் பெண். கமலவேணிக்கு வந்த காய்ச்சலையும் விசாரித்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"ஆன்ட்டி, காய்ச்சல்ங்கிறது உடம்பு கிருமியோட சண்டை போடுறதுக்கு அடையாளம். உங்க உடம்பு சட்டுனு சண்டைக்குக் கிளம்பிருச்சு. வயசாக ஆக அந்தச் சக்தி மந்தமாயிரும். கிருமி உள்ள வந்து உக்காந்த பிறகும் சில பேருக்கு நெத்தி சுடாது. சாப்பாடு பிடிக்காது, பேச்சு மாறும், அவ்வளவுதான். இன்னும் லேட்டாக்கியிருந்தா கஷ்டம்."

"நான் கொண்டு வந்த சளிதானே டாக்டர்?"

"இருக்கலாம்" என்றாள் நளினி, அவள் கையைத் தட்டிக்கொடுத்தபடி.

ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டுக் கமலவேணி கட்டிலோரமே கிடந்தாள். மருந்து மெல்ல மெல்லத்தான் பிடித்தது. ஒரு மத்தியானம் ராமாத்தாள் கண்ணைத் திறந்து, தெளிவாகவே அவளைப் பார்த்தாள்.

"ஏன்டி அழுவுற?"

"என்னாலதான் அண்ணி உங்களுக்கு வந்துச்சு."

"வேற எவ கொண்டு வந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்" என்றாள் ராமாத்தாள். "நீன்னதும் உள்ள விட்டுட்டேன் போல."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து கமலவேணிக்குப் புரையேறிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது, உடம்பு தேறியதும் இரண்டு பேரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள் நளினி. "பெரியவங்க உடம்புல ஊசிகூடக் கொஞ்சம் கம்மியாத்தான் வேலை செய்யும். அதனால கூட இருக்கிறவங்களும் போட்டுக்கணும். நீங்கதான் ஆன்ட்டி அவங்களுக்கு வேலி."

ஊசி என்றாலே கமலவேணிக்குப் பயம். ஆனாலும் அண்ணி தேறியதும் கிளினிக்கில் முந்திக்கொண்டு அவள்தான் தோளை நீட்டினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

மறுநாள் அவள் தோள் வீங்கி, கையைத் தூக்க முடியவில்லை. ராமாத்தாளுக்கு ஊசி போட்ட இடம்கூடத் தெரியவில்லை. ஒற்றைக் கையால் கூந்தலை அள்ளி முடியப் பார்த்து, முடியாமல் கண்ணாடி முன் நின்றாள் கமலவேணி. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"இங்க வந்து உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் ராமாத்தாள்.

நரை ஓடிய அந்தக் கூந்தலில் தேங்காயெண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வகிடு பிரித்து வாரினாள். அவள் விரல்களில் இன்னும் நடுக்கம் இருந்தது. பின்னல் ஒரு பக்கமாய்க் கோணிக்கொண்டு போனது. கமலவேணி அதை அவிழ்க்காமல் அப்படியே பஸ் ஏறினாள்.