எதிர்வினை: குறிப்பு இல்லை

மருத்துவமனையின் கோடிங் பிரிவில் ஆறு பேர். மருத்துவர்கள் எழுதிவைக்கும் நோய்களையும் சிகிச்சைகளையும் எண்களாக மாற்றுவது அவர்கள் வேலை. அதிலும் ஒவ்வாமை என்றால் சின்னவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் இரண்டாவது மருமகள் என்பதால் சின்னவள். 'பென்சிலின் அலர்ஜி' என்று மொட்டையாக எழுதியிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவாள். தடிப்பா, மூச்சுத்திணறலா, வெறும் வாந்தியா? வாந்தி மட்டும் என்றால் அது பக்கவிளைவு, அலர்ஜி இல்லை. இரண்டுக்கும் எண்ணே வேறு.

"அக்கா கண்ணுல பட்டா அலர்ஜிக்கே அலர்ஜி வந்துடும்" என்பான் எதிர் மேசைக்காரன்.

அன்று காலை வார்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. காலில் புண் வைத்து, அது எலும்புவரை இறங்கிப் படுத்திருக்கும் ஒரு நோயாளி. பென்சிலின் வகை மருந்துதான் சரியாக வேலை செய்யும். ஆனால் பதினோரு வருடமாக அவர் பதிவில் பென்சிலின் அலர்ஜி என்று இருக்கிறது. அப்போது என்னதான் நடந்தது, பழைய கோப்பைப் பார்த்துச் சொல்லவும்.

"உங்க ஓரகத்திதானே? நீங்களே பாத்துடுங்க" என்று பிரிவுத் தலைவி தள்ளிவிட்டுப் போனாள்.

கோப்பைத் திறக்கவே தேவையில்லை. பித்தப்பை அறுவைசிகிச்சை முடிந்து, மூத்த மருமகளான பெரியவள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது. சாப்பாடு கொடுத்துவிட்டு மாத்திரை கொடு என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் பென்சிலின் மாத்திரையை முதலில் கொடுத்தாள், இதோ சாப்பாடு கொண்டுவருகிறேன் என்றாள், பழைய தோழி போனில் கூப்பிட்டாள். ஒன்றரை மணிநேரம். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்ததில் பெரியவளின் தையல் பிரிந்துபோனது. பெரியவளின் கணவர் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, அலர்ஜி என்ற சொல் தானாக வாயில் வந்து விழுந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவசர சிகிச்சை டாக்டரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரியே சொல்கிறாள் என்று எழுதிக்கொண்டார். பத்து நாளில் அந்தக் கோப்பு அவள் மேசைக்கே வந்தது. பென்சிலின் அலர்ஜிக்கான இசட் 88.0 என்ற எண்ணை அவளே போட்டாள். எந்தக் கேள்வியும் எழுப்பாமல் அவள் விட்ட ஒரே கோப்பு அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது பதில் பெட்டியில் தட்டினாள்: 'எதிர்வினை: குறிப்பு இல்லை.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எந்தத் தணிக்கையிலும் தேறும். அனுப்பிவிட்டு, கை கழுவப் போனவள் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினாள்.

மதியம் வார்டுக்குப் போனபோது டாக்டர் கட்டிலருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். விவரம் கிடைக்காததால் மோசமான அலர்ஜி என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். தோல் பரிசோதனைக்குத் திங்கட்கிழமைதான் இடம். அதுவரை இப்போது ஏறுகிற மருந்தே ஓடட்டும். சிறுநீரகம் தாங்குமா என்பதுதான் கவலை, ரத்தத்தில் கழிவின் அளவு நேற்றைவிட ஏறியிருக்கிறது.

பெரியவளுக்குக் கவலை இல்லை. பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். பென்சிலின் ஆகாது என்று எழுதி, ஓரம் தேய்ந்து போயிருந்தது. பல் டாக்டரிடம்கூட முதலில் அதைத்தான் நீட்டுவாளாம்.

"எங்க சின்னவதான் அன்னிக்கே கண்டுபிடிச்சா. அவ மட்டும் இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்."

டாக்டர் திரும்பினாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களா? என்ன ஆச்சு அப்போ?"

ஞாபகம் இல்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பதினோரு வருடம்; யாரும் நம்புவார்கள். சின்னவள் கட்டிலின் கம்பியைப் பார்த்தபடி, "வாந்திதான் டாக்டர்" என்றாள். "வெறும் வயித்துல குடுத்துட்டேன். சாப்பாடு குடுக்க மறந்து போன் பேசிட்டிருந்தேன். அலர்ஜின்னு நான்தான் சொன்னேன். அது அலர்ஜி இல்ல."

தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை. திட்டினால் தேவலை போலிருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டு, அப்படியென்றால் திங்கள்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நர்ஸைக் கூப்பிடப் போனாள்.

பெரியவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா நான் போற டாக்டர்கிட்டயெல்லாம் பொய்யா சொல்லிட்டிருந்தேன்?"

"நீங்க இல்லக்கா. நான்."

"சொன்னது என் வாய்தானே."

மருந்து கொடுத்த பிறகு ஒரு மணிநேரம் கண்காணிப்பு. சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து பெரியவளின் முழங்கையையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால்மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து, ஒன்றுமில்லை என்று குறித்துக்கொண்டு போனாள். மூன்றாவது முறை நர்ஸ் குனிந்தபோதுதான் சின்னவளுக்கு உறைத்தது: ஒரு சின்னத் தடிப்பாவது கிளம்பாதா, மணிக்கட்டில் ஒரு சிவப்பாவது தெரியாதா என்று தான் தேடிக்கொண்டிருக்கிறோம். தோன்றினால் அன்று சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். கூசிப்போய் கண்களை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒன்றும் தோன்றவில்லை. முழு மருந்தையும் ஏற்றலாம் என்றாள் டாக்டர்.

பெரியவளின் போன் அடித்தது. கணவர்தான். பென்சிலின் கொடுத்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறேன் என்றாள். அது உனக்கு ஆகாதே, யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள் என்று அவர் பதறுவது வெளியே கேட்டது. பெரியவள் போனைச் சின்னவளிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

சின்னவள் வாங்கி, "மாமா" என்றாள்.

"நீ அங்கதான் இருக்கியாம்மா? அப்பாடா. நீ இருந்தா எனக்கு ஒரு கவலையும் இல்ல."

"இல்ல மாமா" என்றாள் சின்னவள். "கொஞ்சம் கேளுங்க."