பதினான்காம் கேள்வி

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். சுவிட்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி வைப்பேன். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நிற்பேன். நிறைந்ததும் கீழே வந்து மோட்டாரை நிறுத்துவேன். அதற்குள் கொஞ்சம் வழிந்துவிடும். பல் துலக்குவேன். காபி போடுவேன். பொட்டிப்புரத்திலிருந்து அம்மா போன் செய்வார்.

"ஏலே, சாப்ட்டியா?"

"இப்பத்தானம்மா விடிஞ்சிருக்கு."

"அதுக்கென்ன. சாப்டுவியா?"

"சாப்டுவேன்."

"சரி, வையி."

குளித்துவிட்டு அல்லிநகரத்தில் உள்ள கடைக்குப் போவேன். சொட்டுநீர்க் குழாய் விற்கிற நிறுவனம். ஆர்டர் எடுப்பது என் வேலை. என் மனைவி நாகஜோதி இறந்த பிறகு இதில் எதுவும் மாறவில்லை. பால் பாக்கெட் மட்டும் சின்னதாகியிருக்கிறது.

அஜய்குமார் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மாடியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே பைக்கை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, தண்ணி வழியுது."

"தெரியும்."

"பைப்பு கம்பெனில இருக்கீக. ஒரு ஆட்டோ சுவிட்ச் மாட்டக் கூடாதா? ஊர்ல சிரிப்பாக."

இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன்.

அஜய்குமார் போடிக்காரன். நாகஜோதியோடு வேலை பார்த்தவன். மதுரையில் உள்ள ஓர் ஆய்வு மையம் நம் பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வு நடத்தியது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வரும் பெண்கள் ஒரு பக்கம். உத்தமபாளையம் தாண்டி ஒரு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்கள் மறுபக்கம். வீட்டில் பெண்ணின் பேச்சு எடுபடுகிறதா என்பது வினாத்தாளின் முதல் பகுதி. வேலைச் சோர்வு இரண்டாம் பகுதி. போர் அவர்களிடம் மிச்சம் வைத்தது என்ன என்பது மூன்றாம் பகுதி. நாகஜோதி போய்க் கேட்டு வருவாள். அஜய்குமார் பதில்களைக் கணினியில் ஏற்றுவான்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தாள். பகலில் கேட்டதைச் சாயங்காலம் மறுபடி ஒலிப்பதிவில் கேட்டுத் தட்டச்சு செய்வாள். ஷெல் விழுந்த பள்ளத்தில் மூன்று நாள் கிடந்த கதையை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவாள். மாரியம்மன் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவளுக்கே தெரியவில்லை. "காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கான பதில்களைத் தட்டச்சு செய்யும்போது மேசையிலேயே தூங்கிப் போவாள். கேட்கப் போகிறவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அஜய்குமார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"வர்ற வெள்ளிக்கிழமை மதுரையில ரிப்போர்ட்ட வெளியிடுறாகண்ணே. சுபாஸ்ரீ மேடம் உங்களக் கட்டாயம் வரச் சொன்னாக. அப்புறம் அண்ணியோட ரெக்கார்டர் இங்கனதான இருக்கு? ஒலிப்பதிவெல்லாம் மையத்துல ஒப்படைக்கணும்."

ஒரு தாளைக் கொடுத்தான். அறிக்கையின் முதல் பக்கம். நாகஜோதியின் படம். அடையாள அட்டைக்கு எடுத்தது. அவளுக்குப் பிடிக்காத படம். கீழே, "பேசாதவர்களின் குரலை எழுதி வையுங்கள்" என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "நாகஜோதியின் கடைசி வார்த்தைகள்."

"இது யாரு சொன்னது?"

"அண்ணி சொன்னதுதானண்ணே."

"யார்ட்ட?"

"உங்க மாமனார்ட்ட. மேடம் துட்டி கேக்க வந்தப்ப அவுக அழுதுகிட்டே சொல்லிருக்காக."

என் மாமனார் போடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் மகளோடு கடைசியாகப் பேசியது அவள் இறந்ததற்கு முந்தின வாரம். எங்களுக்கு அனுப்பிய அரிசியில் வண்டு இருந்தது பற்றி. நான் பக்கத்தில் இருந்தேன்.

"பதினாலாம் கேள்வி என்னாச்சு?" என்றேன்.

அவன் தாளை வாங்கி மடித்தான்.

"அது அப்படியேதான் இருக்கு."

பதினான்காம் கேள்வி முதல் பகுதியில் வருகிறது. மதுரையிலிருந்து வந்தபோது அது, "குடும்ப முடிவுகளில் உங்கள் ஆலோசனை பெறப்படுகிறதா?" என்று இருந்தது. போடியில் முதலில் கேட்டுப் பார்த்தபோது தோட்டத்துப் பெண்கள், "ஆலோசனையா, எந்த டாக்டர்ட்ட?" என்றார்களாம். நாகஜோதி அதை மாற்றினாள். "வீட்டு விஷயத்தில் உங்க யோசனை உண்டா? எப்போதும், சில நேரம், இல்லை." போடியில் அது நன்றாக வேலை செய்தது. "என் யோசனை இல்லாம அந்த மனுசன் செருப்புக்கூட வாங்க மாட்டாரு" என்று ஒரு பெண் சொன்னதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாள். மையம் அந்த வரியையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டது.

முகாமில் அநேகமாக எல்லாப் பெண்களும் "எப்போதும்" என்றார்கள். போரில் நொந்து வந்த பெண்களுக்கு வீட்டில் இவ்வளவு செல்வாக்கா என்று மையத்தில் வியந்தார்கள். அதை ஒரு கண்டுபிடிப்பு என்றார்கள். அட்டவணை போட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அதை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி, மறுபடி போட்டாள். தவமலர் என்ற அம்மாவின் குரல்.

"யோசனை எந்த நேரமும்தான் பிள்ளை. நித்திரை வராது."

என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, ஐடியா சொன்னா தூக்கம் வராம போகுமா?"

"போகாது."

"அவுக ஊர்ல யோசனைன்னா கவலையாம்ங்க. ஒரு வருசமா யோசிக்காதேங்கோ, யோசிக்காதேங்கோன்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்காக. கவலப்படாதன்னு சொல்றாகன்னு எனக்கு நல்லாத் தெரியும். என் கேள்வியில மட்டும் அது உறைக்கவே இல்ல."

முதலில் சிரித்தாள். "உங்ககிட்ட கேட்டிருந்தா ரெண்டு அர்த்தத்துக்கும் சேத்து எப்போதும்னு ரெண்டு டிக் போட்டிருப்பீக" என்றாள். பிறகு சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள். அவை ஏற்கெனவே துலக்கி வைத்த பாத்திரங்கள்.

மையத்துக்கு எழுதினாள். நேரம் இல்லை, ஒரு கேள்விதானே என்று பதில் வந்தது. அவள் விடவில்லை. நான் எழுதின கேள்வி, நானே திரும்பப் போய்க் கேட்கிறேன் என்றாள். வாரம் முழுக்கப் போடியில் வேலை. முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் போனாள். மூன்றாவது ஞாயிறு, உத்தமபாளையம் தாண்டி, வண்டி சாலையை விட்டு இறங்கி மைல்கல்லில் மோதியது. எதிரே எந்த வண்டியும் வரவில்லை. கண் அசந்திருக்கலாம் என்று போலீஸில் சொன்னார்கள்.

அஜய்குமார் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லவா? இப்ப இதக் கிளறுனா கேள்விய மாத்துனது யாருன்னு வரும். அண்ணி பேருதான் கெடும். இப்ப எல்லாரும் அவுகள நல்லவிதமாப் பேசுறாக. அது அப்படியே இருக்கட்டுமே."

"அந்த அட்டவணைய வச்சு என்ன எழுதிருக்காக?"

அவன் மடித்த தாளை மறுபடி பிரித்தான்.

"முகாமுக்கு வாராவாரம் ஒரு கவுன்சிலிங் மிஸ் போறாகல்ல. அந்தப் பொம்பளைக நல்ல நெலமையில இருக்காக, இனி அது அவசியமில்ல, தோட்டத்துப் பக்கம் மாத்தலாம்னு பரிந்துரை. பணம் குடுக்குறவுக அதத்தான் பாப்பாக."

ரெக்கார்டரைச் சாயங்காலம் தருகிறேன் என்றேன். கிளம்பும்போது, "அந்தச் சுவிட்ச நானே வந்து மாட்டித் தர்றேண்ணே" என்றான்.

நான் முகாமுக்கு அதுவரை போனதில்லை. பஸ்ஸில் போனேன். அந்த மைல்கல் இடது பக்கம் வந்தது. நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

தவமலர் வீட்டைக் கேட்டதும் காட்டினார்கள். அறுபது வயது இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். விரல்களில் கொடிக்குத் தெளிக்கும் மருந்தின் நீலம் இருந்தது. யாரென்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"இருங்கோ தம்பி. தேத்தண்ணி ஊத்துறன்."

குடித்தேன். பிறகு கேட்டேன்.

"அம்மா, உங்க வீட்ல எதாவது முடிவு எடுக்கணும்னா உங்க பேச்சக் கேப்பாகளா?"

"என்ட பேச்சை ஆர் கேக்கிறது? பேத்தியை நர்சிங் படிக்க விடு எண்டு சொன்னன். மகன் கலியாணம் பேசிப்போட்டான். வாற மாசம்."

"யோசனை?"

"அது எந்த நேரமும். பகலில வேலையோட போயிடும். ராவில கண்ணை மூடினா முள்ளிவாய்க்கால்ல விட்டிட்டு வந்த தங்கச்சி வந்து நிப்பா. வியாழக்கிழமை வாற மிஸ்ஸிட்டத்தான் அதைக் கதைக்கிறது. வீட்டில கதைச்சா, எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு பேசுவினம்."

ரெக்கார்டர் என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதைப் போடவில்லை. அவர் குரல் ஏற்கெனவே அதில் இருக்கிறது.

"பிள்ளை அண்டைக்கு வாறன் எண்டு சொன்னவ," என்றார் தவமலர். "ஒரு கேள்வியைப் பிழையாக் கேட்டிட்டன் அம்மா, திருப்பிக் கேக்கவேணும் எண்டு போன்ல சொன்னவ. வாசல்ல கதிரை போட்டு வைச்சனான். வெயில் ஏறினதும் அதை நிழலுக்கு இழுத்து வைச்சன். பிறகு உள்ளுக்கு எடுத்து வைச்சிட்டன்."

நான் உட்கார்ந்திருந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிதான். அதுதானா என்று கேட்கவில்லை.

"வியாழக்கிழமை மிஸ் இனி வரமாட்டா எண்டு ஒரு கதை. மெய்யே தம்பி?"

"தெரியலம்மா. கேக்குறேன்."

"சரி. யோசிக்காதேங்கோ."

பஸ் நிறுத்தத்தில் நின்று சுபாஸ்ரீக்குப் போன் செய்தேன். ஆய்வின் பொறுப்பாளர் அவர். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க சசிதரன். வெள்ளிக்கிழமை வர்றீங்கல்ல?"

"மேடம், பதினாலாம் கேள்வி தப்பு."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

"தெரியும். நாகஜோதி அப்பவே எழுதினாங்க. அந்த நேரத்துல எங்களால எதுவும் செய்ய முடியல. நாங்களும் இங்க ஆறு பேர் வேலைய மூணு பேர் பார்க்கிறோம்."

"முகாம் அட்டவணைய எடுத்திருங்க. அந்தப் பரிந்துரையையும்."

"அச்சுக்குப் போயிடுச்சு. எடுத்தா ஏன்னு விளக்கம் எழுதணும். கேள்விய மாத்தினது யாருன்னு எழுதணும். நான் அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும்... வேண்டாம் சசிதரன். அவங்க இல்ல இப்போ."

"எழுதுங்க. மாத்துனது நாகஜோதி. தப்பைக் கண்டுபிடிச்சதும் நாகஜோதி. திரும்பக் கேக்கப் போனதும் அவதான். மூணையும் எழுதுங்க."

ஆட்டோ ஒன்று நின்று, வருகிறேனா என்று பார்த்துவிட்டுப் போனது.

"ரெக்கார்டர் எங்கிட்ட இருக்கு," என்றேன். "ரெண்டு ஞாயித்துக்கெழமை திரும்பக் கேட்டதெல்லாம் அதுல இருக்கு. எல்லாத்தையும் கேட்டுட்டுத் திருத்துறதா இருந்தா இன்னைக்கே அஜய்ட்ட குடுக்குறேன். மிச்சப் பேர்ட்ட ஆளவிட்டுக் கேளுங்க. இல்லன்னா பணம் குடுக்குறவுகளுக்கு நானே அனுப்புறேன்."

"வெளியீடு தள்ளிப் போகும்."

"போகட்டும்."

நீளமாக மூச்சு விட்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. களைப்பாகவும் இருக்கலாம்.

"சரி," என்றார். "ரெக்கார்டர குடுத்து அனுப்புங்க. நான் பணம் குடுக்கறவங்ககிட்ட பேசறேன். வியாழக்கிழமை ஆள் போறத நிறுத்த வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்."

"நன்றி மேடம்."

"முதல் பக்கத்துல அவங்க கடைசியா சொன்னதா ஒரு வரி இருக்கே. அது?"

"அது அவ சொன்னது இல்ல."

"பின்ன என்ன சொன்னாங்க? உங்ககிட்டதான கடைசியா பேசினாங்க?"

ஆமாம். அந்த ஞாயிறு காலையில் நான் மாடியில் தொட்டியின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தியிருந்தாள். கண் சிவந்திருந்தது. இன்னைக்குப் போக வேணாமே என்று மேலிருந்து சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். என்னையல்ல, எனக்குப் பின்னால் வழிந்துகொண்டிருந்த தண்ணீரை.

அவள் சொன்னதைச் சுபாஸ்ரீயிடம் அப்படியே சொன்னேன்.

"தொட்டி நெறஞ்சிருச்சு. போயி மோட்டார நிப்பாட்டுங்க. யோசிச்சுக்கிட்டே நிக்காதீக."