கை உயர்ந்தால்

அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவனுக்குச் சட்டம் ஒன்றுதான். கீழே யார் கை உயர்ந்தாலும் நிறுத்து. மேஸ்திரி கையானாலும் சரி, கூட்டிப் பெருக்குகிறவள் கையானாலும் சரி. கேள்வியெல்லாம் அப்புறம்.

அன்று காலையும் அப்படித்தான் நடந்தது. சிமென்ட் மூட்டைக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது பெருக்குகிற ஒச்சம்மா "ருக்கோ, நிறுத்து!" என்று கையைத் தூக்கிவிட்டாள். மேலே இருந்த அருண்பிரசாத்தின் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. பார்த்தால், கீழே ஒரு நாய் படுத்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும், "நிறுத்தினான்ல, அது போதும்," என்றார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் சிமென்ட் இறக்க முடியாது. கூட்டாளி ஈஸ்வரன் தன் குவார்ட்டர்ஸ் சாவியை அவன் கையில் திணித்தான். கூடவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பாக்கெட் ஒன்று.

"என் பொண்டாட்டி மாயாபந்தர் போயிருக்கா. ஒன் ஜெயராணிய அங்க வரச்சொல்லு."

"தப்பில்லையாடா?"

"அரே பாய்! இருபத்தினாலு வயசாகுது, இன்னும் தப்பா சரியான்னு கேக்குற. பசிக்குது, திங்குறோம். இதுவும் அப்படித்தான். இயற்கைடா."

அந்தச் சொல் அருணுக்குப் பிடித்துப்போனது. அது இருந்தால் மற்றதை யோசிக்க வேண்டியதில்லை. மற்றது என்பது சனிக்கிழமைக் கப்பல். அவன் அய்யா நல்லதம்பி கச்சால் தீவிலிருந்து வந்து ஹேடோவிலேயே சொந்தக்காரர் அறையில் காத்திருந்தார். மெயின்லேண்டுக்கு, தமிழ்நாட்டுப் பக்கம், பெண் பார்க்கப் போக அப்பனுக்கும் மகனுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. ஜெயராணிக்கு அது தெரியாது.

ஜெயராணியும் கச்சால் பெண். ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த லய வீடுகளில் வளர்ந்தவர்கள். சுனாமியில் அவள் அம்மா கருப்பாயி போனாள். பிறகு இங்கே ஹேடோவில் சின்னம்மா வீட்டில் தங்கி, ஒரு தையல் கடையில் மிஷின் மிதிக்கிறாள். இவனோடு பழக்கம் இரண்டு வருஷம்.

ஈஸ்வரன் குவார்ட்டர்ஸுக்குள் குடையை மடக்கிக்கொண்டே வந்தாள். அவன் கதவைத் தாழிட்டதைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பேசணும்னு சொன்ன. பேசு."

அவன் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டான். அவள் விலகவில்லை. அது அவனுக்குத் தைரியம் கொடுத்தது. கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோனான். அப்போதுதான் அவள் கை உயர்ந்தது. உள்ளங்கை விரிந்து, அவன் முகத்துக்கு நேராக.

அவன் உடம்பு நின்றது. மனசு நிற்கவில்லை. கோபம் வந்தது.

"என்ன இப்ப? எனக்கு ஆசையிருக்கு. ஒனக்கும் இருக்குன்னு தெரியும். இது இயற்கை ராணி."

"இருக்கு. இல்லன்னு சொன்னேனா?" என்றாள். "கடல் வந்ததும் இயற்கைதான். எங்கம்மாவ அள்ளிட்டுப் போச்சு. வர்றதெல்லாம் வரட்டும்னு விட்டுட்டா நாம மனுசங்களா?"

"எதுக்கு எதைச் சேக்குற நீ?"

"நீதான சேத்த. ஒடம்புக்கு ஆசை மட்டுமா இருக்கு? அதுக்கு ஒரு பேச்சு இருக்கு. இப்படிக் கிட்ட வந்தா, ஒன்னோடயே இருப்பேன், புள்ள வந்தா தூக்கிக்குவேன்னு அது சொல்லுது. நீ அதைச் சொல்றியா?"

அவன் சட்டைப் பையில் பாக்கெட்டின் முனை தெரிந்தது. அவள் கண் அங்கே நின்றது.

"ஒண்ணும் மிச்சமில்லாம முடியணும்னு வந்திருக்க. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒங்கய்யா எதுக்குக் கச்சால்லேர்ந்து பெட்டியோட வந்திருக்காரு?"

மழை தகரத்தில் அடித்தது. பொய் நுனிநாக்கில் தயாராக இருந்தது. வைத்தியத்துக்கு என்றால் நம்பிவிடுவாள். நம்பினால் அந்தக் கை இறங்கிவிடும். அவள் கை இன்னும் உயர்ந்தே இருப்பதை அப்போதுதான் பார்த்தான். விரல்களில் ஊசி குத்திய புள்ளிகள்.

"பொண்ணு பாக்க," என்றான். "சனிக்கிழம கப்பல்."

அவள் அழவில்லை. "எனக்கு இன்னிக்கு, அவளுக்குச் சனிக்கிழமையா?" என்றாள். "நல்லாருக்குடா ஒன் இயற்கை."

குடையை எடுத்தாள். அவனே போய்த் தாழை நீக்கினான். அதைத் தவிர அந்த அறையில் உருப்படியாக அவன் எதுவும் செய்யவில்லை.

பாக்கெட்டையும் சாவியையும் ஈஸ்வரனிடம் திருப்பிக் கொடுத்தான். "என்னாச்சுடா?" என்றதற்கு நிற்காமல் நேராகச் சொந்தக்காரர் அறைக்குப் போனான். நல்லதம்பி டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துருங்கய்யா."

"ஏண்டா, காய்ச்சலா?"

"கருப்பாயி மக ஜெயராணி. ரெண்டு வருசமா."

கயிறு இழுத்த கை நின்றது. "ரெண்டு வருசமா வாயில என்னடா வச்சிருந்த, கொழுக்கட்டையா? அங்க சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. பொண்ணோட அப்பன் பாக்கு வெத்தல வாங்கி வச்சிருப்பான்டா!"

அவன் தலை குனிந்து நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தப் புள்ள சரின்னுருச்சா?"

"இல்லய்யா. எம் மூஞ்சில முழிக்கமாட்டா போலருக்கு."

"அப்புறம் எந்தத் தைரியத்துல டிக்கெட்டத் திருப்பச் சொல்ற?"

"அவ வேணாம்னாலும் நா வரல. அவகிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டிய மொகத்தோட இன்னொரு புள்ள முன்னாடி போய் ஒக்கார முடியாது."

நல்லதம்பி அவனை ஏறெடுத்துப் பார்த்தார். கெட்டவார்த்தை ஒன்றைச் சொன்னார். பிறகு இறுக்கிய கயிற்றை, பல்லால் முடிச்சைக் கடித்து, அவிழ்க்க ஆரம்பித்தார்.