நெவில் கண்ணாடிக்கு மாறியது

நெவில் பிராமிச் தன் வீட்டில் காய்ச்சிய பீரை பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வைப்பான். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் சேர்ந்த எங்கள் கிளப்பில் மற்ற எல்லாருக்கும் கண்ணாடிதான். கேட்டால், "பிளாஸ்டிக்னா அமுக்கிப் பாத்தாலே கேஸ் ஏறிடுச்சான்னு தெரியும். கீழ விழுந்தாலும் ஒடையாது" என்பான். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அது இல்லை. மரம் அறுக்கும் மில்லில் கிழடாகும்வரை வேலை பார்த்ததில் அவன் விரல்கள் விறைத்து மடங்காமல் போயிருந்தன. கண்ணாடி பாட்டிலுக்குத் தகர மூடியை வைத்து, இரண்டு பக்கம் கைப்பிடி உள்ள கருவியால் அழுத்தி இறுக்க வேண்டும். அவன் கைக்கு அது வராது. பிளாஸ்டிக் மூடியென்றால் உள்ளங்கையால் உருட்டியே திருகிவிடலாம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு ஒரு நாள் அவன் மனைவி மார்லீன் என் மனைவியிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கிளப்பில் யார் பீர் நன்றாக இருக்கிறது என்று ருசி பார்த்துச் சொல்வது ராய்டன் டில்யார்ட். டெர்வென்ட் ஆற்றுக்கு அக்கரையில், பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவன். ஒரு வாய் குடித்தால் போதும், எந்தக் கொடியின் ஹாப்ஸ், எத்தனை நாள் அவசரப்பட்டீர்கள், வாளியைச் சரியாகக் கழுவினீர்களா என்பது வரை சொல்லிவிடுவான். கெட்டவன் இல்லை. யாருக்காவது காய்ச்சியது புளித்துப்போனால், தானே காரை எடுத்துக்கொண்டு போய் மோந்து பார்த்து வழி சொல்லிவிட்டு வருவான். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் அவன் வாய்க்குச் சிரிப்பு வேண்டும். யாரை வைத்துச் சிரிப்பு என்பதை அவன் யோசிக்க மாட்டான்.

அந்த வருஷம் கோடையில் ஆற்றங்கரையில் கிளப் சாப்பாடு. குடும்பத்தோடு வந்திருந்தோம். ஒரு பக்கம் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். ருசி பார்க்கும் மேஜையில் எல்லாருடைய பாட்டில்களும் வரிசையாக நின்றன. அந்த வரிசையில் நெவிலின் பிளாஸ்டிக் பாட்டிலும் ஒன்று. ராய்டன் அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான்.

"யாருப்பா பசங்க சாமானைக் கொண்டாந்து இங்க வெச்சது?"

"என்னோடதுதான், ராய்," என்றான் நெவில்.

"பீரா இது? நான் லெமனேடுன்னுல்ல நெனச்சேன்." ராய்டன் எங்கள் பக்கம் திரும்பினான். "நல்ல விஸ்கியை எவனாவது பால் குடிக்கிற புட்டியில ஊத்தித் தருவானா? சொல்லுங்கய்யா."

சிரித்தோம். ராய்டன் அதோடு விடவில்லை. பாட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு மெல்ல நடந்துபோய், குழந்தைகள் உட்கார்ந்திருந்த மேஜையில், லெமனேடு பாட்டில்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தான். இன்னும் சிரித்தோம். நெவிலும் சிரித்தான். கழுத்துவரை சிவந்துவிட்டது அவனுக்கு. டெஸ் என்ற சின்னப் பெண் நிஜமாகவே அதைத் திறந்து தன் டம்ளரில் ஊற்றப் போக, அவள் அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். அதற்கு எழுந்த சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரிது.

நெவில் பாட்டிலை வாங்கி, தன் ஸ்வெட்டரில் சுற்றி, காரில் கொண்டுபோய் வைத்தான். அந்த பீரை யாரும் ருசி பார்க்கவில்லை. அவன் கோபித்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. கடைசிவரை இருந்து, நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். மார்லீன் அன்று உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தாள். அவளிடம், "நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

அதற்கப்புறம் அவன் கண்ணாடி பாட்டில் சேர்க்க ஆரம்பித்தான். குப்பைக் கிடங்கை ஒட்டிப் பழைய சாமான் விற்கிற கடை இருக்கிறது. அங்கே போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, ஊறவைத்து, லேபிளைச் சுரண்டினான். மார்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வேலை முடிந்து வந்து பார்த்தால் ஷெட் முழுக்கப் பாட்டில்.

"பிளாஸ்டிக்குக்கு என்ன குறைச்சல் வந்துச்சு இப்ப?"

"அதுல கொஞ்சம் கொஞ்சமா காத்து உள்ள போவுது. பீர் கெட்டுப் போவும்."

"நீ காய்ச்சுறது ஒரு மாசத்துக்கு மேல இந்த வீட்டுல இருந்திருக்கா, கெட்டுப் போறதுக்கு?"

அவன் பாட்டில் பக்கம் திரும்பிக்கொண்டான். மூடி அழுத்தும் கருவியை வைத்துக்கொண்டு அவன் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடி கோணிக்கொண்டு போனது. இன்னொன்று வைத்தான். அதுவும் கோணியது. பஸ் சாவியை மேஜையில் போட்டுவிட்டு, "தள்ளு. இங்க குடு" என்று வாங்கிக்கொண்டாள்.

நெவில் வாங்கிய பாட்டில்களில் ஒரு பெட்டி வேறு ரகம். கடையில் விற்கிற பீருடையது. கையாலேயே திருகித் திறக்கிற மூடி. அந்தப் பாட்டிலின் கழுத்துக் கண்ணாடி மெல்லிசு. அதில் தகர மூடியை வைத்து அழுத்தக் கூடாது. கண்ணாடியில் பழகியவர்களுக்கு இது தெரியும். நெவில் கண்ணாடியில் பழகியவன் இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், "என்ன நெவ், கடைசியில எங்க வழிக்கு வந்துட்டியா?" என்பார்கள் என்று கேட்கவில்லை.

மார்லீன் முதல் பெட்டியை முடித்துவிட்டு அந்தப் பெட்டியை எடுத்தாள். இடது கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கைப்பிடியை மார்பால் சாய்த்து, மற்றதை வலது கையால் அழுத்தினாள். கழுத்து நொறுங்கியது. மேலிருந்து அழுத்திய வேகத்தில் அவள் இடது கட்டைவிரலின் அடியில் கண்ணாடி ஆழமாக இறங்கிவிட்டது. கத்தவில்லையாம். "நெவில், துண்டு எடு" என்றாளாம்.

ஹோபார்ட் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அறுபட்ட நரம்பை இழுத்துத் தைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த டெர்ம் முழுக்க அவள் பஸ் ஓட்ட முடியாது. விரல் பழையபடி மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஒரே வீட்டில் மடங்காத விரலோடு இரண்டு பேர்.

செய்தி கிளப்பில் பரவியது. "நெவில் ஏன் திடீர்னு கண்ணாடிக்கு மாறினான்?" என்று யாரோ கேட்டார்கள். ராய்டன் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை அவன் ஆட்டுக்கறி வேகவைத்த சட்டியோடு நெவில் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் கிளம்பினான். என்ன சொல்வது என்று காரிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதாகப் பிறகு என்னிடம் சொன்னான். கதவைத் திறந்தது நெவில். அவனைப் பார்த்ததும் பதறிப்போய் முந்திக்கொண்டான்.

"தப்பு என்னோடதுதான், ராய். கண்ணாடின்னு நீ சொன்னது சரி. எந்தக் கண்ணாடின்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

ராய்டன் சொல்லப் பழகி வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. அவன் வாயில் வந்தது: "திருகு மூடி பாட்டிலா? அய்யோ, அது கழுத்து மெல்லிசாச்சே. எல்லாருக்கும் தெரியுமே, நெவ்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது. கறிச்சட்டி சூடாகக் கையில் இருந்தது, வைக்க இடமில்லை. நெவில் தலையாட்டினான். "ஆமா. எல்லாருக்கும் தெரியும்."

உள்ளே இருந்து மார்லீன் வந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"டெஸ் என் பஸ்லதான் வருவா, ராய்டன். 'உங்க வீட்டு பீரை நான் லெமனேடுன்னு குடிக்கப் பாத்தேன் ஆன்ட்டி'ன்னா. எல்லாரும் எப்படிச் சிரிச்சாங்கன்னும் சொன்னா. அப்பவே எனக்குத் தெரியும், இந்த மனுஷன் எதுக்குக் கண்ணாடிக்கு அலையிறான்னு."

நெவில் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. ராய்டன் எத்தனையோ சொல்லியிருக்கலாம். "கறி ஆறிடும்" என்றான். அவள் சட்டியை வாங்கவில்லை. நெவில்தான் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ், ராய்" என்று கதவைச் சாத்தினான்.

ராய்டனுக்கு அதற்கப்புறம் சோறு தண்ணி இறங்கவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். நெவிலின் கையைப் பற்றி மார்லீன் என் மனைவியிடம் சொன்னது அதற்குள் அவன் காதுக்கும் வந்திருந்தது. ஒரு தீர்மானத்துக்கு வந்தான்: நாலு பேர் முன்னால் செய்ததை நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நெவிலைக் கட்டாயம் அழைத்து வரச் சொல்லி என்னை அனுப்பினான். நெவில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

ராய்டன் எழுந்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும். ஆத்தங்கரையில நெவிலை நான் அவமானப்படுத்தினேன். அவன் பாட்டிலைப் பசங்க மேஜையில வெச்சேன். அவன் கை முடியாதவன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கையை வெச்சிக்கிட்டு அவனால மூடி அழுத்த முடியாம, மார்லீன்தான்…"

எல்லாருடைய தலையும் பின்னால் திரும்பியது. எல்லார் கண்ணும் நெவிலின் கைமீது. நெவில் இரண்டு கையையும் மெல்ல ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான். ஆற்றங்கரையில் சிவந்த அதே சிவப்பு. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். வெளியே போய்விட்டான்.

ராய்டன் வாயைத் திறந்தபடி நின்றான். முதல் தடவை நெவிலின் பாட்டிலை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினான். இப்போது அவன் விரல்களைத் தூக்கிக் காட்டிவிட்டான். அது அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. முகத்தில் தெரிந்தது. கடைசியில் யாரோ எழுந்து பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள்.

நெவில் அதற்குப் பிறகு கிளப்புக்கு வரவில்லை. ராய்டன் வந்தான், ஆனால் ருசி பார்த்துச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். பின்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போவான். யாராவது வேடிக்கையாகப் பேசினால் அவனைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

குளிர்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ராய்டன் நெவிலின் வீட்டுப் பக்கம் போனான். ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி ஒன்றுகூட இல்லை. பழைய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தான் நெவில். குளிரில் அவன் விரல்கள் இன்னும் மோசமாக இருந்தன. மூடியை உருட்டியும் இறுக்கம் வரவில்லை. ராய்டன் வாசலிலேயே நின்றான். இந்தத் தடவை எதையும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வரவில்லை.

நெவில் நிமிராமல் இன்னும் இரண்டு மூடியை உருட்டிப் பார்த்தான். பிறகு ஒரு பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினான்.

"கடைசிச் சுத்து எனக்கு இறுக மாட்டேங்குது. திருகிக் குடு."

ராய்டன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நெவில் ஊற்றினான், ராய்டன் திருகினான். பீரைப் பற்றிக்கூட அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் நெவில் பாட்டிலில் ஊற்றும் நாளெல்லாம் அவன் போவான். எங்களிடம் சொல்ல மாட்டான். ஒரு நாள் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன்.

மார்லீன் மறுபடி பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டாள், ஆனால் கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. ராய்டனோடு அவள் பேசுவதில்லை. நான் போன அன்று ஷெட்டைத் தாண்டித் துணி காயப்போடும் கொடிக்குப் போய், ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டுவிட்டு, அதே வழியில் திரும்பி வந்தாள். ராய்டன் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டு, மோவாய் நெஞ்சில் படக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சமையலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"உள்ள போயிட்டா," என்றான் நெவில், அடுத்த பாட்டிலை நீட்டி. "நிமிரு."