திரும்பி நின்ற துண்டு

"எல்லாம் சரியா இருக்குன்னா என் விரல் மட்டும் ஏன் ஒட்டிக்கிச்சு?"

மூன்று வருஷத்துக்கு முன் இப்படிக் கேட்டவளுக்கு ஐந்து வயது. 'மரபணுக்களில் பிழை இல்லை' என்ற அறிக்கையைக் கையில் வைத்திருந்த ஆய்வகப் பெண் அதை மறுபடி புரட்டிப் பார்த்தாள். பதில் சொன்னது குழந்தையின் அம்மாதான். "நீ வயித்துல இருக்கப்ப ஜுரத்துக்கு மாத்திரை போட்டேன்ல கண்ணு, அதனாலதான்."

அந்த அம்மாவை மறக்க முடியுமா? வேலையில் சேர்ந்த முதல் வாரம், அந்தக் குழந்தையின் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயைத்தான் இவள் கைதவறிப் போட்டு உடைத்தாள். மேலாளர் முகம் சிவக்க ஓடி வந்தார்.

"இவ காலை உதறிட்டா சார், அவங்க மேல தப்பில்ல" என்றாள் அம்மா.

"நான் எங்கம்மா உதறினேன்?"

"சும்மா இருடி வாயாடி!"

போன மாதம் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் வந்து சொன்னார்: "அந்தம்மா மறுபடி உண்டாயிருக்காங்க. பயந்துபோய் சத்து மாத்திரையைக்கூடத் தொட மாட்டேங்கிறாங்க. ரத்தமே இல்லாம வெளுத்துக் கிடக்காங்க. பழைய ஆய்வை இன்னொரு தரம் பாருங்களேன்."

வார நாட்களில் மூச்சுவிட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஆய்வகத்தில் இவள் கோப்பைத் திறந்தாள். மரபணுக்கள் அத்தனையும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. கடைசியில், யாரும் திறக்காத கழிவுக் கோப்பைத் திறந்தாள். திசை மாறி வரும் டி.என்.ஏ. துணுக்குகளை இயந்திரக் கோளாறு என்று அதில் ஒதுக்குவது வழக்கம். அன்று ஒதுக்கியதும் இவள் கைதான்.

கோளாறு இல்லை. ஒரு நீண்ட துண்டு தலைகீழாகத் திரும்பி நின்றது. டி.என்.ஏ. இழை மடிந்து மடிந்து அறை அறையாக அடங்கியிருக்கும். ஓர் அறையின் சுவிட்ச் அந்த அறையின் மரபணு விளக்கைத்தான் ஏற்றும். துண்டு திரும்பியதில் நடுச்சுவர் இடம் மாறி, சுவிட்ச் பக்கத்து அறை விளக்கை ஏற்றிவிட்டது. விளக்குகளில் பழுதில்லை. விரல்கள்தாம் பிரியவில்லை.

அடுத்த ஞாயிறு, குழந்தையின் குழாயோடு, அன்றே வாங்கி உறைபெட்டியில் வைத்திருந்த பெற்றோரின் ரத்தக் குழாய்களையும் எடுத்துச் சோதித்தாள். பெற்றோர் இருவரிடமும் அந்தத் திருப்பம் இல்லை.

மருத்துவரின் கையெழுத்துக்கான புதிய அறிக்கையில் கடைசி வரியாகத் தட்டினாள்: 'இது தானாக நேர்ந்தது. தாய் உட்கொண்ட மாத்திரை காரணமல்ல. முந்தைய அறிக்கையில் தவறவிட்டது எங்கள் பிழை.'

ஒருமுறை கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு மூன்று குழாய்களையும் இரு கையாலும் ஏந்திக்கொண்டு போய், உறைபெட்டியில் ஒவ்வொன்றாக வைத்தாள்.