துடைத்தெடுத்த வெள்ளைப் பசை

பக்கிரிசாமியின் கணினி ஜாதகத்துக்கு பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தனி மரியாதை இருந்தது. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாங்கிய பெண்டியம் கணினி அது. பத்துப் பொருத்தமும் பார்த்து அச்சடித்துக் கொடுத்துவிடும். "மனுஷன் தப்பு பண்ணுவான், மிஷின் பண்ணாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு சரஸ்வதி பூசைக்கு வீட்டையே கழுவித் துடைத்தவர், கணினியையும் திறந்தார். உள்ளே விசிறியைக் கழற்றினால், மூளையான சில்லின் தலையில் காய்ந்துபோன வெள்ளைப் பசை. அழுக்கென்று நினைத்துச் சுரண்டித் துடைத்தார். மூடிச் சந்தனம், குங்குமம் வைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. மறுநாளிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை அப்படியே நின்றது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து தனபாக்கியம் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தாள். பெண் சந்திரகலா, பக்கிரிசாமியோடு இருக்கும் தங்கை வள்ளியம்மாவின் மகள். வயது இருபத்தொன்பது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. எல்லார் முன்னாலும் தாய்மாமன் கணினியை இயக்கினார். ஏழாவது பொருத்தத்தில் திரை நின்றது. மறுபடி இயக்கினார், மறுபடியும் நின்றது.

"என்னண்ணே, சகுனமே சரியில்லையே?" என்றாள் தனபாக்கியம்.

மிஷின் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனிதர், மானம் போகுமே என்று, "சில ஜாதகத்துக்கு இப்படி ஆகறதுதான்" என்றார். கிள்ளான்காரர்கள் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அன்றிலிருந்து சந்திரகலா சரியாகச் சாப்பிடவில்லை. பக்கிரிசாமிக்கும் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு கன்னையாவின் ரேடியோ கடைக்குப் போனார். கன்னையா திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"இங்க இருந்த பசைய யாருண்ணே எடுத்தா? சில்லோட சூட்ட மேல இழுத்து விடறதே அதுதான் லா. அது இல்லன்னா கொதிச்சுப் போய் நின்னுடும்."

இரண்டு குழாய்களை எடுத்து வைத்தான். ஒன்று வெள்ளை. இன்னொன்று வெள்ளித்தூள் கலந்த சாம்பல் நிறம், விலை கூடியது. பக்கிரிசாமியின் கை சாம்பலுக்குப் போனது. உசத்தியானதைப் போட்டால் பாவம் கொஞ்சம் குறையும் என்று தோன்றியது.

"வெலைய பாத்து எடுக்காதீங்கண்ணே. அதுல வெள்ளி இருக்கு, சிந்தி கம்பியில பட்டா கரண்டு தாவி மொத்தமும் போயிரும். உங்க மிஷினுக்கு வெள்ளையே போதும். அதுவும் மிளகு அளவுதான், சாம்பார் மாதிரி ஊத்தக்கூடாது."

இந்த மிளகளவுப் பசைக்காகவா ஒரு பெண்ணின் வாழ்க்கை போனது என்று நினைத்தபடி சாம்பல் குழாயைத் திருப்பி வைத்தார்.

வெள்ளைப் பசை போட்டதும் கணினி நிற்காமல் ஓடியது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். மறுநாள் அந்தக் காகிதத்தோடு கிள்ளானுக்கு பஸ் ஏறினார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னார். தனபாக்கியம் முழுக்கக் கேட்டாள்.

"அன்னைக்கு ஜாதகம்தான் காரணம்னு சொன்னதும் நீங்க, இன்னைக்கு மிஷின்தான்னு சொல்றதும் நீங்க. நான் எத நம்பறது? சுங்கை வே பக்கம் வேற பொண்ணு பேசி முடிச்சிட்டோம்ண்ணே. ஞாயித்துக்கிழம தட்டு மாத்தறோம்."

வீட்டில் கதவைத் திறந்தது சந்திரகலா. நின்ற இடத்திலேயே ஒளிக்காமல் சொல்லி, காகிதத்தை நீட்டினார். அவள் விரலை ஏழாவது வரியில் வைத்துப் படித்தாள்.

"அப்ப என் ஜாதகத்துல ஒன்னும் இல்லையா மாமா?"

"ஒன்னும் இல்லம்மா. எல்லாம் என் வாய்தான்."

அவள் அழவில்லை. காகிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மாகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

உள்ளே வள்ளியம்மா, மகளின் தோஷம் கழிய மறுநாள் ராகு காலத்தில் விளக்குப் போட, எலுமிச்சம்பழங்களைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள்.